ஆட்டக்காரரின் ரத்தமும் பலகையின் விதியும்

1

சதுரங்கத்தில் ‘கேம்பிட்’ என்றொரு திறப்பு வகை இருக்கிறது. ஆட்டம் ஆரம்பித்து ரெண்டு மூணு நகர்த்தல் ஆவதற்குள்ளேயே ஒரு சிப்பாயை, சில சமயம் குதிரையையே, எதிராளிக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவது. பதிலுக்குக் கிடைப்பது காலம். எதிராளி அந்தக் காயை வெட்டித் தின்று செரித்துக் கொண்டிருக்கும் நேரத்தில், கொடுத்தவன் தன் குதிரைகளையும் மந்திரிகளையும் களத்துக்குக் கொண்டுவந்து ராஜாவை நெருக்கிவிடலாம். நெருக்க முடியாமல் போனால் போச்சு. ஒரு காய் குறைச்சலோடு மிச்ச ஆட்டம் முழுக்க மெல்ல மெல்லச் சாக வேண்டியதுதான். இத்தாலிய மல்யுத்தக்காரர்களிடமிருந்து வந்த சொல் இது. கால் என்பதை வேராகக் கொண்டது. எதிராளியின் காலைத் தட்டி விழவைக்கிற பிடியைக் குறிப்பது. ஸ்பானியப் பாதிரியார் ரூய் லோபஸ் 1561இல் வெளியிட்ட சதுரங்க நூலில் இச்சொல்லை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார். நாம் ‘காலை வாருவது’ என்கிறோமே, ஏறக்குறைய அதுதான்.

ஒரு விளையாட்டின் தொழில்நுட்பத்துக்கு இங்கே ஏன் இத்தனை இடம் என்று கேட்கலாம். கேம்பிட்டைப் பற்றிய பேச்சு எப்போதும் ஆட்டத்தை விட்டுவிட்டு ஆட்டக்காரரின் சுபாவத்துக்குத் தாவிவிடுகிறது என்பதுதான் காரணம். துணிந்தவன் கேம்பிட் ஆடுவான், பயந்தவன் பதுங்குவான் என்பது முதல் படி. துணிந்த இனம், பதுங்குகிற இனம் என்பது அடுத்த படி. இந்த இரண்டாவது படியில் ஏறி நின்றுதான் காலனியம் இந்தியாவைப் படித்தது. அதே படியில் நின்றுகொண்டுதான் எங்கள் முகவைக் கரையில் இன்றைக்கும் மேடை போட்டுப் பேசுகிறார்கள். ‘வீரம் விளைந்த மண்’ என்று ஆரம்பிக்காத மைக்கை ராமநாதபுரம் பக்கத்தில் நான் கேட்டதில்லை. வீரம் என்பது மண்ணில் விளைகிற பண்டமா, இல்லை ஒரு குறிப்பிட்ட பலகையில், குறிப்பிட்ட விதிகளுக்குள், குறிப்பிட்ட நேரத்தில் எடுக்கப்படுகிற முடிவா என்கிற கேள்வியைச் சதுரங்கத்தின் வரலாற்றை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

2

முதலில் விதிகள். பழைய இந்தியப் பலகையில் ராஜாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் ராணி இல்லை, மந்திரி. மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டும் போகக்கூடியவர். சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் முன்னேறும். கோட்டை கட்டும் வசதி கிடையாது. பிற்கால வழக்கில் ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரித் தாவிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இப்படியொரு பலகையில் இரு படைகளும் ஒன்றையொன்று தொடுவதற்கே நிறைய நேரம் பிடிக்கும். பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் போன ஆட்டத்திலும் இதே நிலைமைதான். அங்கே ஆட்டக்காரர்கள் எதிராளி என்ன செய்கிறான் என்று பெரிதாகக் கவலைப்படாமல் தங்களுக்குப் பிடித்த ஒரு அணிவகுப்பை முதலில் அமைத்துக்கொள்வார்கள். நிஜமான சண்டை அதற்கப்புறம்தான்.

15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயின், இத்தாலிப் பக்கங்களில் இந்த விதிகள் மாறின. மந்திரியின் இடத்துக்கு வந்த ராணி பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பாயும் காயானாள். பழைய யானையின் வழியில் வந்து இன்றைக்கு நாம் மந்திரி என்று சொல்கிற காய், மூலைவாட்டில் எத்தனை கட்டமும் போகலாம் என்றானது. சிப்பாய் தன் முதல் நகர்த்தலில் ரெண்டு கட்டம் போவதும் இந்தப் புது ஆட்டத்தில் நிலைத்தது. போர்த்துக்கீசிய மருந்துக்காரர் தாமியானோ 1512இல் ரோமில் அச்சிட்ட புத்தகத்தில் கேம்பிட் வகைத் திறப்புகள் வந்துவிட்டன. பெயர் மட்டும் ஐம்பது வருஷம் கழித்து ரூய் லோபஸிடமிருந்து வந்தது.

எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ராஜா கேம்பிட் என்று ஒன்று. வெள்ளை ராஜாவுக்கு முன்னாலிருக்கும் சிப்பாய் ரெண்டு கட்டம் போகிறது. கறுப்பும் அதையே செய்கிறது. வெள்ளையின் இரண்டாவது நகர்த்தலில் பக்கத்துச் சிப்பாய் ரெண்டு கட்டம் போய், ‘வெட்டிக்கோ’ என்று நிற்கிறது. இரண்டே நகர்த்தலில் ரத்தம். இதையே சிப்பாய் ஒரு கட்டம் மட்டும் போகும் பலகையில் செய்ய வெள்ளைக்கு நாலு நகர்த்தல் வேண்டும். அதற்குள் எதிராளிக்கு மூணு நகர்த்தல் கிடைத்துவிடும். வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள அது போதும். ஒன்றிரண்டு நகர்த்தல் லாபத்துக்காக ஒரு காயைத் தருகிற வியாபாரம் அந்தப் பலகையில் கட்டுப்படியாகாது. ஆக, இந்தியர்கள் ஐரோப்பிய வகைக் கேம்பிட் ஆடாததற்குக் காரணம் தேடி அவர்களது மனசுக்குள் போக வேண்டியதில்லை. சிப்பாயின் காலடி நீளத்தைப் பார்த்தால் போதும்.

1814இல் பம்பாயில் அச்சான ஒரு நூல் இதற்கு நல்ல சாட்சி. திருவேங்கடாசார்ய சாஸ்திரி சமஸ்கிருதத்திலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து, ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்றபடி தந்த சதுரங்கக் கட்டுரைகள் அவை. நூலின் பெரும்பகுதி நெருக்கடியான நிலைகள். இத்தனை நகர்த்தலில் ராஜாவை முடி என்கிற மாதிரியான கணக்குகள். திறப்பு அதன் விஷயமே இல்லை. திறப்பில் அவசரம் இல்லாத ஓர் ஆட்டம் தன் அறிவு முழுவதையும் முடிவில் கொண்டுபோய்க் குவித்திருக்கிறது.

3

19ஆம் நூற்றாண்டின் முதல் பாதி ஐரோப்பாவில் கேம்பிட்டின் பொற்காலம். எவன்ஸ் என்கிற கப்பல் கேப்டன், வேல்ஸுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே தபால் கப்பல் ஓட்டியவர், 1820களில் ஒரு கேம்பிட்டைக் கண்டுபிடித்தார். அது அவர் பேரிலேயே நிலைத்துவிட்டது. 1851இல் லண்டனில் ஆண்டர்சன் ராஜா கேம்பிட்டில் ஆரம்பித்து ஒரு மந்திரி, ரெண்டு யானை, ராணி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மிச்சமிருந்த சின்னக் காய்களால் எதிராளியின் ராஜாவை முடித்தார். ‘அமர ஆட்டம்’ என்று அதற்கே ஒரு பேர்.

இந்தக் காலத்தில்தான் கல்கத்தாவில் ஒரு சந்திப்பு நடக்கிறது. அங்கே வழக்கறிஞராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் காக்ரேன், ஐரோப்பாவின் வலுவான ஆட்டக்காரர்களில் ஒருவர். மொஃபசிலில் தோல்வியே அறியாத ஒரு பிராமணர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவரைத் தேடிப் பிடித்தார்கள். மொஹேஷ்சந்தர் பானர்ஜி. இந்திய விதிகளில் ஊறியவர். ஐரோப்பிய விதிகளைக் காக்ரேனோடு ஆடி ஆடியே கற்றுக்கொண்டவர். இருவரும் நூற்றுக்கணக்கில் ஆடினார்கள். 1848இல் ஓர் ஆட்டத்தில் காக்ரேன் தன் நாலாவது நகர்த்தலிலேயே குதிரையைக் கொண்டுபோய் மொஹேஷ்சந்தரின் ராஜா பக்கத்தில் இருந்த சிப்பாயை வெட்டினார். ராஜா குதிரையை வெட்டியே ஆக வேண்டிய நிலை. ஒரு குதிரைக்கு ரெண்டு சிப்பாய், கூடவே வெட்டவெளியில் இழுத்துவிடப்பட்ட ராஜா. இன்றைக்கும் இதன் பேர் காக்ரேன் கேம்பிட். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு 1999இல் லினாரெஸ் போட்டியில் டோபலோவ் இதை கிராம்னிக்குக்கு எதிராக ஆடினார். ஆட்டம் சமனில் முடிந்தது.

எதிரில் உட்கார்ந்திருந்தவரின் பேர் எதில் நிலைத்தது? மொஹேஷ்சந்தரின் பாணி, சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, மந்திரியை ஓரத்துச் சந்திலிருந்து நீளப் பார்க்க வைத்து, மையத்தை எதிராளி பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டு, பிறகு அதை உடைப்பது. பழைய விதியின் பழக்கம் புது விதிக்குள் நடந்து வந்த வழி அது. பின்னால் இந்த வகைத் திறப்புகளுக்கு ‘இந்தியத் தடுப்பு’ என்று பேர் வைத்தார்கள். ஸ்காட்லாந்துக்காரருக்குக் கிடைத்தது சொந்தப் பேர். வங்காளிக்குக் கிடைத்தது ஒரு தேசத்தின் பேர். ஒருவர் கண்டுபிடித்தவர், இன்னொருவர் ஒரு சுபாவத்தின் மாதிரி. இந்தப் பெயரிடல் ஒன்றும் வெகுளித்தனமானது இல்லை. மெக்காலே 1841இல் எழுதிய வாரன் ஹேஸ்டிங்ஸ் கட்டுரையில் வங்காளியை உடலால் தளர்ந்தவனாக, எதிர்த்து நிற்கத் தெரியாதவனாக, சூழ்ச்சியால் பிழைப்பவனாக வரைந்திருந்தார். பதுங்கி ஆடுகிற இந்தியன் என்கிற பிம்பம் குடியேற அந்தச் சட்டகம் தயாராகவே இருந்தது.

பிம்பத்தைப் பலகையே உடைக்கிறது. 1855இல் காக்ரேனுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் மொஹேஷ்சந்தர் தன் வழக்கமான ‘மெதுவான’ திறப்பை ஆடினார். ஒன்பதாவது நகர்த்தலில் குதிரையைக் கொடுத்தார். பதிமூன்றாவது நகர்த்தலில் ராணியை வெட்டக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக எதிராளியின் ராணியையும் எடுத்து, முன்னேறிய ஒரு சிப்பாயை வைத்துக்கொண்டே வெள்ளையின் கட்டுக்கோப்பைக் குலைத்து ஆட்டத்தை ஜெயித்தார். அமர ஆட்டத்துக்குப் பக்கத்தில் கூசாமல் வைக்கலாம். பதுங்குகிற சுபாவம் அன்றைக்கு மட்டும் எங்கே போயிற்று? சுபாவம் எங்கேயும் போகவில்லை. தியாகம் செய்யத் தகுந்த நிலை அவர் திறப்பில் பிந்தி வந்தது, வந்தபோது அவர் அதைப் பார்த்தார்.

மறுபக்கமும் இதையே சொல்கிறது. ஆண்டர்சனின் காலத்துக்கு நாற்பது வருஷம் கழித்து ஐரோப்பியர்களே கேம்பிட்டைக் கைவிட ஆரம்பித்தார்கள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு பொறுமையாகத் தடுக்கலாம் என்று ஸ்டைனிட்ஸ் காட்டினார். எவன்ஸ் கேம்பிட்டில் வாங்கிய சிப்பாயைச் சரியான நேரத்தில் திருப்பிக் கொடுத்து ஆட்டத்தைத் தன் பக்கம் திருப்பலாம் என்று லாஸ்கர் காட்டினார். 1961இல் பாபி ஃபிஷர் ராஜா கேம்பிட் செல்லாது என்று ஒரு கட்டுரையே எழுதினார். நாற்பது வருஷத்தில் ஐரோப்பிய ரத்தம் சூடு ஆறிவிட்டதா என்ன? அறிவு மாறியது, ஆட்டம் மாறியது. ஐரோப்பியனுக்கு மட்டும் வரலாறு, நமக்கு மட்டும் சுபாவமா?

1929, 1932, 1933 ஆகிய வருஷங்களில் பிரிட்டிஷ் சாம்பியனான பஞ்சாபின் மிர் சுல்தான் கானுக்கும் திறப்புதான் பலவீனம் என்று எழுதினார்கள். இந்திய விதிகளில் வளர்ந்தவர் அவர். ‘உள்ளுணர்வு மேதை’, ‘எழுத்தறியாத வேலைக்காரர்’ என்றெல்லாம் கதை கட்டிய எழுத்தை அவருடைய குடும்பத்தினர் பிற்காலத்தில் மறுத்தார்கள். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 2024இல்தான் அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் தந்தது. மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த் வந்தபோது முத்திரை தலைகீழானது. இப்போது இந்தியன் மின்னல் வேகக்காரன். 1995இல் ரீகா நகரில் காஸ்பரோவ் தூசி தட்டி எடுத்த அதே எவன்ஸ் கேம்பிட்டில் ஆனந்த் 25 நகர்த்தலில் தோற்றார். நூறு வருஷம் தூங்கிய கப்பல்காரரின் திறப்புக்கு அன்றைக்கு அவர் தயாராக வரவில்லை, அவ்வளவே. அதற்கு இந்திய மனத்தை ஆராயத் தேவையில்லை.

4

இனி எங்கள் கரைக்கு வருகிறேன். வங்காளிக்குப் ‘பதுங்குகிறவன்’ என்ற முத்திரை குத்திய அதே அதிகாரம், ராமநாதபுரச் சீமைக்கு நேர்மாறான முத்திரையைத் தந்தது: முரட்டுத்தனம், முன்யோசனையின்மை, கொள்ளை. 1911ஆம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்த குற்றப் பரம்பரைச் சட்டம், மறவர்களில் சில பிரிவுகள் உட்படப் பல சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கி ரேகைக் கச்சேரியில் வரிசையில் நிறுத்தியது. ஒருவனிடம் துணிச்சல் இல்லை, இன்னொருவனிடம் துணிச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. ரெண்டு முத்திரையிலும் விடுபட்டுப் போவது ஒன்றுதான்: இவர்கள் கணக்குப் போட்டு முடிவெடுக்கத் தெரிந்தவர்கள் என்பது.

கணக்கு இருந்ததா? 1795 பிப்ரவரியில் கும்பெனி முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்தது. 1809இல் அவர் சிறையிலேயே இறந்தார். நடுவில் 1799 ஏப்ரலில் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. முதுகுளத்தூர், அபிராமம், கமுதி வட்டாரத்தில் கும்பெனியின் கச்சேரியும் துணிக்கிடங்கும் தானியக் களஞ்சியமும் தாக்கப்பட்டன. குறிகளைக் கவனியுங்கள்: ஆயுதம், துணி, நெல். கும்பெனி எதனால் உயிர் வாழ்ந்ததோ அதுதான் குறி. காலத்தையும் கவனியுங்கள். கும்பெனியின் பெரும்படை அப்போது ஸ்ரீரங்கப்பட்டணத்து முற்றுகையில் இருந்தது. மே 4ஆம் தேதிதான் திப்பு வீழ்ந்தார். எதிராளியின் பெரிய காய்கள் பலகையின் மறுகோடியில் சிக்கியிருக்கும்போது ராஜாவின் பக்கத்தில் திறக்கப்பட்ட ஆட்டம் இது. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் காய்கள் திரும்பி வந்தன, கிடைத்த காலம் தீர்ந்துபோனது. 1802இல் மயிலப்பன் தூக்கிலிடப்பட்டார். தோற்ற கேம்பிட். ஆனால் மூளையில்லாத பாய்ச்சல் என்று இதைச் சொல்ல முடியாது. ‘வீரம்’ என்று மாலை போட்டு மூடிவிடவும் கூடாது. ரெண்டும் கணக்கை மறைக்கிற வேலைதான்.

இந்தக் கணக்குக்கு ஐரோப்பியச் சதுரங்கம் படித்திருக்க வேண்டியதும் இல்லை. மரத்தடியில் கரிக்கோடு கிழித்து ஆடுகிற ஆடுபுலி ஆட்டம் இருக்கிறதே. மூணு புலி, பதினைந்து ஆடு. வெட்டுகிற அதிகாரம் புலிக்கு மட்டும்தான். ஆட்டுக்காரன் ஒன்றிரண்டு ஆட்டைத் தெரிந்தே விட்டுக்கொடுத்துப் புலியைத் தோதான இடத்துக்குத் தாவ வைத்து, பிறகு சுற்றி அடைப்பான். பலவீனமானவனின் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் எண்ணிக்கையும் பொறுமையும் என்று ஆடு மேய்க்கிற பையனுக்குத் தெரிந்திருந்தது. கொடுத்து ஜெயிப்பது ஐரோப்பாவின் தனிச்சொத்து ஒன்றும் கிடையாது.

குற்றப் பரம்பரை என்ற முத்திரையை எதிர்த்த சாதி அரசியல் அதைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். அது செய்தது, முத்திரையைத் திருப்பிப் போட்டுக் குத்திக்கொண்டது. குற்றப் பரம்பரை வீரப் பரம்பரை ஆயிற்று. பரம்பரை என்ற சொல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. பிறப்பிலேயே வீரம் உள்ளவர்கள் என்றால், பிறப்பிலேயே அது இல்லாதவர்கள் என்று யாரையாவது காட்டியாக வேண்டும். அந்த இடத்தில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்பதை 1957 செப்டம்பரில் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டதும், அந்த நாட்களின் முதுகுளத்தூர்க் கலவரமும் சொல்லும. 1799இல் கும்பெனியின் கச்சேரியைத் தாக்கிய அதே முதுகுளத்தூர். மண் ஒன்றுதான், விளைந்தது ஒன்றில்லையே. மண்ணில் வீரம் விளைகிறது என்பவர்கள் இந்த வித்தியாசத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

5

கேம்பிட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி, கொடுக்கப்படுகிற காய் யாருடையது என்பது. சதுரங்கத்தில் ஒரு நேர்மை உண்டு. காயைக் கொடுத்தவனின் ராஜாவும் அதே பலகையில்தான் நிற்கிறான். கணக்குத் தப்பினால் விழுவது அவன் தலை. மயிலப்பன் விஷயத்தில் இது உண்மை. அவர் பலகைக்கு வெளியே உட்கார்ந்திருக்கவில்லை. இன்றைக்குப் பத்திரிகைகளில் தலைவர்களின் ‘துணிச்சலான காய் நகர்த்தல்’ என்று படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு வந்துவிடுகிறது.

1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கையின் பக்கம் போனது. ஒரு சின்னத் தீவைக் கொடுத்து அண்டை நாட்டின் நட்பைப் பெற்ற ராஜதந்திரம் என்று இதை மெச்சுகிறவர்கள் உண்டு. அவர்கள் பாஷையில் இது ஒரு கேம்பிட். அந்தோணியார் கோயிலுக்குப் போய்வரவும், வழக்கம்போலத் தீவுக்கு வந்துபோகவும் ஒப்பந்தத்தில் வழியிருந்தது. 1976 மார்ச்சில் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதை நிறுத்தின. இரண்டு தடவையும் ராமேஸ்வரத்து மீனவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வலையும் படகும் உயிரும் அந்தக் கணக்கில் ஈடாக வைக்கப்பட்டன, வைத்தவர்கள் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தார்கள். எதிர்க்கரையில் யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, பின்பு நம் இழுவைப் படகுகளிடம் வலையையும் இழந்த வடபகுதித் தமிழ் மீனவரும் இதே பலகையில் காயாகத்தான் இருக்கிறார். ரெண்டு கரைக் காய்களையும் ஒன்றோடொன்று மோத விட்டுவிட்டு, மீனவனின் ‘முரட்டுத் துணிச்சலை’, எல்லை தாண்டுகிற அவன் சுபாவத்தைப் பேசுகிறார்கள். மறுபடியும் சுபாவம். எல்லைக்கோடு எப்போது, யாரால், எதற்காக வரையப்பட்டது என்கிற விதியின் வரலாறு மட்டும் பேச்சில் வராது.

2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். சந்தோஷம்தான். ஆனால் உடனே தமிழ் மூளை, தமிழ் ரத்தம் என்று ஆரம்பிக்கிறார்கள். 1972இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் மானுவேல் ஆரோன் தொடங்கிய டால் சதுரங்க மன்றத்தையும், அங்கிருந்து வளர்ந்த ஒரு பயிற்சி மரபையும் அந்தப் பேச்சு விழுங்கிவிடுகிறது. அந்த மாதிரி ஒரு மன்றம் பாம்பனுக்கோ தொண்டிக்கோ ஏன் அந்தக் காலத்தில் வரவில்லை என்று கேட்டால் ரத்தத்திடம் பதில் கிடையாது. அந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.